பந்து ஏன் என்னிடம் வரவில்லை?

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளை விட்டுவிட்டு, தோழிகள் நால்வர் தனியாக வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்களாம். இரண்டு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணோடு மட்டும் மொட்டை மாடியில் மணிக்கணக்காகப் பேச்சு. "இதெல்லாம் ஒரு விஷயமா சார்? பாட்டி திருஷ்டி சுற்றிப் போடச் சொல்கிறார்."

சுற்றிப் போட்டால் நாலு மிளகாய்தான் செலவு. ஆனால் இது விஷயம்தான்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருநாள் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். ஃபிரிஸ்பீ தட்டு ஒன்று பக்கத்தில் வந்து விழுந்தது. எடுத்து, விளையாடிக்கொண்டிருந்த இருவரிடம் வீசினார். அவர்கள் திரும்ப இவருக்கு வீசினார்கள். சரி, நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தார். சில நிமிடத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல், இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்தான். ஆனாலும் மனசு சுருங்கிப்போனது. பிற்பாடு அதையே 'சைபர்பால்' என்ற கணினி விளையாட்டாக்கினார். திரையில் மூன்று பேர் பந்து வீசுகிறார்கள், ஒருவர் நீங்கள். தொடக்கத்தில் உங்களுக்கும் பந்து வரும். அப்புறம் வராது. அவ்வளவுதான் விளையாட்டு!

எனக்கு அலுக்காத பகுதி இனிமேல்தான். 2004இல், "மற்ற இருவரும் வெறும் கணினி நிரல்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடவைத்தார்கள். அப்போதும் உறுத்தியது. இன்னொரு சோதனையில், எதிரே ஆடுவது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டம் என்று நம்பவைத்தார்கள். அந்தக் கூட்டம் பந்து தராததற்கும் ஆட்கள் வருந்தினார்கள். யார் ஒதுக்கினார்கள், ஏன் என்பதெல்லாம் மூளைக்கு இரண்டாவது கேள்வி. ஒதுக்கப்பட்டோம் என்ற மணி முதலில் அடித்துவிடுகிறது.

மணியை நிறுத்துவது யார்? 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழு கல்லூரி மாணவர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து இதே ஆட்டத்தை ஆடச்செய்தது. நெற்றிக்குப் பின்னால், முன்மூளையின் வலப்பக்கக் கீழ்ப்பகுதி யாருக்கு அதிகம் வேலை செய்ததோ, அவர்களுக்கு வருத்தம் குறைவாக இருந்தது. பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் கடைசியாக முதிர்வது முன்மூளை. இருபது வயதைத் தாண்டியும் அதற்கு வேலை பாக்கியிருக்கிறது. லண்டனில் கேத்தரின் செபாஸ்டியனும் சாரா ஜேன் பிளேக்மோரும் பெண் பிள்ளைகளை ஆடவைத்தபோது, 11 முதல் 13 வயதுவரை உள்ளவர்களின் மனநிலை பெரியவர்களைவிட அதிகமாகச் சரிந்தது. அடுத்து வந்த ஸ்கேன் ஆய்வில், பதின்வயதுப் பெண்களுக்கு அந்தப் பிரேக் பகுதி பெரியவர்கள் அளவுக்கு இயங்கவில்லை. "கொஞ்சம் அடக்கமாக இரு" என்று நாம் அதட்டுவது, இன்னும் முழுசாகப் பொருத்தி முடிக்காத பிரேக்கை மிதிக்கச் சொல்வதுதான்.

எதிர்வீட்டுப் பெண் இங்கேதான் வருகிறாள். 2007இல் மேத்யூ லீபர்மன் குழு பெரியவர்களிடம் ஒன்றைக் கண்டது: கோபம், பயம் காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அதே வலப்பக்கப் பகுதி சுறுசுறுப்பாகி, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி அடங்கியது. "ஏய், எனக்கு அவமானமா இருக்குடி" என்று தோழியிடம் சொல்வதும் அப்படி ஒரு பெயர் வைத்தல்தானே? பிரேக்குக்கு அது பயிற்சி என்பது என் ஊகம். தோழி பக்கத்தில் இருப்பதன் பலனோ அளந்தே பார்த்தது. 2011இல் மான்ட்ரியலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் எச்சிலை நாளில் பலமுறை எடுத்துச் சோதித்தார்கள். கசப்பான ஒன்று நடந்தபோது நெருங்கிய நண்பர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்குக் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியது. நண்பர் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அப்படி ஏறவில்லை.

எல்லாம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்துக் கணக்கு. அறுபது பேர் அடைந்து உட்காரும் நம் வகுப்பறையில் இதை அளக்க யாராவது பணம் ஒதுக்கினால் நன்றாயிருக்கும். எச்சில் எடுக்க ராக்கெட் வேண்டியதில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமாண்டா ரோஸ், ஒரே வருத்தத்தைத் தோழிகள் திரும்பத் திரும்ப அரைக்கும் பேச்சை ஆராய்ந்தார். நட்பு இறுகுகிறது, பெண் பிள்ளைகளுக்குச் சோர்வும் பதற்றமும் கூடவே ஏறுகின்றன.

அதனால் அம்மா, மாடிப் பேச்சைத் தடுக்காதீர்கள். அடுத்த வாரமும் அந்த வாட்ஸ்அப் குழுதான் பேச்சென்றால், இரண்டு தட்டில் பஜ்ஜியோடு மேலே போய் நடுவில் உட்கார்ந்துவிடுங்கள்.