ரிப்போர்ட்டில் இல்லை, உடம்பில் இருக்கிறது

கோத்தகிரியில் முப்பது வருஷம் உயிரியல் பாடம் எடுத்தேன். என்னிடம் படித்து இப்போது ஜீப் ஓட்டுகிற ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். வைரல் லோடு ரிப்போர்ட். முடிவு எழுதும் இடத்தில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருந்தது. ரத்தத்தில் எச்.ஐ.வி. தென்படவில்லை என்று அர்த்தம்.

"நாலு வருஷமா இதேதான் சார் வருது. ரத்தத்துல கிருமியே இல்லைங்கறாங்க. அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை? கேட்டா, நிறுத்தினா திரும்பி வந்துரும்ங்கறாங்க. இல்லாதது எப்படி சார் திரும்பி வரும்?"

பள்ளிக்கூடத்தில் இவர் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. இருபத்தைந்து வருஷம் சேர்த்து வைத்து நல்ல கேள்வியாகக் கேட்டிருக்கிறார். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் இதே கேள்வியோடுதான் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

பதிலைச் சொல்ல அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். எங்கள் வேலிக்கு அந்தப்புறம் ஒரு சீகைக் காடு இருந்தது. சீகைக்காய் இல்லை, ஆங்கிலத்தில் வாட்டில் என்பார்களே, ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட மரம். பட்டை தோல் பதனிட உதவும், கட்டை அடுப்புக்கு ஆகும். அந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது பார்த்தால் வெறும் புல். மரம் எத்தனை என்று எண்ணச் சொன்னால் பூஜ்யம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஒரு பிடி மண்ணை அள்ளி ஊதினால் பளபளவென்று கறுப்பு விதைகள் நாலைந்து கையில் நிற்கும். சீகை விதை மண்ணுக்குள் ஐம்பது வருஷம்வரை உயிரோடு கிடக்கும் என்கிறார்கள். ஒரு தீப் பிடித்தால் போதும், அடுத்த மழைக்குப் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் நாற்று.

வைரல் லோடு ரிப்போர்ட் எண்ணுவது மரத்தை. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் தனியாக மிதக்கும் வைரஸ்களை மட்டுமே அது பார்க்கிறது. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது அந்தச் சோதனையின் வேலை இல்லை.

சரி, அந்த மண் எது? எச்.ஐ.வி. குறிவைப்பது நம் எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி செல்களில், சி.டி.4 என்ற புரதத்தைத் தன்மேல் சுமப்பவற்றை. உள்ளே போனதும் தன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அதை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் வெட்டி ஒட்டிவிடுகிறது. நம் மரபுத்தொகுப்பில் 300 கோடி எழுத்துகள். நடுவில் பத்தாயிரத்துக்கும் குறைவான எழுத்துகள் கொண்ட ஒரு பத்தி புதிதாக ஏறிவிட்டது. இனி அது வெளியாள் இல்லை, அந்தச் செல்லின் சொந்த எழுத்து.

இப்படித் தொற்றிய செல்களில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் வைரஸைப் பெற்றுத் தள்ளிவிட்டுச் செத்துப்போகும். சிக்கல் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில். டி செல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நோய்க்கிருமியோடு சண்டை முடிந்ததும் அந்தப் படையில் ஒரு சிறு பங்கு ஓய்வுக்குத் திரும்பி 'நினைவு செல்'லாக மாறும். பல வருஷம் கழித்து அதே கிருமி வந்தால் உடனே எழுந்து அடிக்கும். அம்மை ஒரு முறை வந்தால் மறுபடி வராமல் இருப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. வைரஸ் ஒட்டிய ஒரு செல் சாகும் முன் இந்த ஓய்வுக்குத் திரும்பிவிட்டால்? செல் உறங்குகிறது, அதன் டி.என்.ஏ.வில் உள்ள வைரஸ் பத்தியையும் யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால்தானே புரதம் உண்டாகும்? புரதம் இல்லாவிட்டால் செல்லின் மேற்பரப்பில் அடையாளமும் இல்லை. நம் எதிர்ப்புச் சக்தி அதைக் கடந்து போகிறது, சொந்தக்காரனைக் கடந்து போவதுபோல.

மாத்திரைக்கும் அதே கதிதான். அரசு மையத்தில் இப்போது பரவலாகத் தரும் ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். முதல் இரண்டும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கின்றன. மூன்றாவது, வெட்டி ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. மூன்றுமே புதிய செல்லுக்குள் வைரஸ் குடியேறாமல் பார்த்துக்கொள்கின்றன. ஏற்கெனவே ஒட்டி முடிந்ததைப் பிய்த்தெடுக்க எந்த மாத்திரையும் இல்லை. நாற்று முளைத்த உடனே கருக்கிவிடும் மருந்து இது. விதைமேல் பட்டால் ஒன்றும் ஆகாது.

இது தெரிந்தது 1997-ல். அதற்கு முந்தைய வருஷம் கூட்டு மருந்துகள் வந்து, ரத்தத்தில் வைரஸ் மளமளவென்று சரிந்தபோது, இரண்டு மூன்று வருஷம் விடாமல் கொடுத்தால் முழுசாக அழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. அடுத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபர்ட் சிலிசியானோ, சான் டியாகோவில் டக்ளஸ் ரிச்மன், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் அந்தோணி ஃபௌச்சி ஆகியோரின் குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன. நன்றாக மருந்து எடுத்தவர்களின் உறங்கும் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டி எழுப்பினால், உயிருள்ள வைரஸ் வெளியே வருகிறது.

தட்டி எழுப்பும் அந்தச் சோதனையைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாம். ஒருவரிடமிருந்து நிறைய ரத்தம் எடுத்து, உறங்கும் சி.டி.4 செல்களை மட்டும் சலித்து, சிறு சிறு குழிகளில் பங்கு போடுவார்கள். செல்லை விழிக்க வைக்கும் ஒரு பொருளைச் சேர்த்து, வைரஸ் பரவ வசதியாக ஆரோக்கியமானவரின் செல்களையும் கலந்து, இரண்டு மூன்று வாரம் வளர்ப்பார்கள். எந்தக் குழியில் வைரஸ் புரதம் தெரிகிறது என்று எண்ணினால், ஏறக்குறைய பத்து லட்சம் செல்லுக்கு ஒன்று என்று வரும்.

ஆனால் டி.என்.ஏ.வை நேராக எண்ணும் பி.சி.ஆர். முறை அதைவிட நூறு மடங்குக்கும் மேல் காட்டியது. எது சரி? 2013-ல் சிலிசியானோ குழுவில் யா-சி ஹோ, எழுப்பியும் எழாத செல்களிலிருந்து 213 வைரஸ் டி.என்.ஏ.க்களை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பெரும்பாலானவை பாதி அறுந்தவை, பிழை மலிந்தவை. சொத்தை விதைகள். ஆனால் சுமார் 12 சதவீதம் எந்தப் பழுதும் இல்லாமல் முழுசாக இருந்தன. அப்படியானால் அவை ஏன் எழவில்லை?

இந்த இடத்தில் வகுப்பில் நான் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். ஒரு டம்ளரில் இருபது சீகை விதை போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி வைப்பேன். காலையில் பாதி ஊறி உப்பியிருக்கும். மீதி கல்லாகவே கிடக்கும். செத்தது என்று பிள்ளைகள் தூக்கிப்போடப் போவார்கள். அதே விதைக்கு மறுநாள் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றினால் இன்னும் இரண்டு மூன்று உப்பும். டி செல்லிலும் அதுவேதான். முதல் முறை தட்டி எழாதவற்றில் சில, இரண்டாவது மூன்றாவது முறை தட்டியதும் எழுந்தன. எது எப்போது எழும் என்பது பெரிதும் குருட்டு அதிர்ஷ்டம்.

மலையைப் பற்றி எழுதினால் குறிஞ்சியைச் சொல்லாமல் விட மாட்டார்கள். நான் விடுகிறேன். குறிஞ்சி பன்னிரண்டு வருஷக் கணக்குத் தவறாமல் பூக்கும். இந்த வைரஸுக்குப் பஞ்சாங்கம் கிடையாது. மருந்தை நிறுத்தினால் எங்கோ ஒரு செல் தற்செயலாக விழிக்கும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் இந்தச் செல் கூட்டத்துக்கு அணை, நீர்த்தேக்கம் என்கிற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். எமரால்டு அணையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அணையென்றால் ஓரிடத்தில் இருக்கும், மதகைத் திறந்து காலி செய்யலாம். இது நிணநீர்க் கணுக்களிலும் குடல் சுவரிலும் சிதறிக் கிடக்கிறது. டி செல்களில் சுமார் 2 சதவீதம்தான் ஒரு நேரத்தில் ரத்தத்தில் ஓடுகிறது, ஊசியில் வருவதும் அதுதான்.

"தானா செத்துத் தீராதா சார்?" என்றார்.

தீரும், கணக்கு இருக்கிறது. 2003-ல் வெளியான அளவீட்டின்படி இந்தக் கூட்டம் பாதியாகக் குறைய 44 மாதம். உடம்பு முழுக்க இப்படிப்பட்ட செல் பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், அது ஒன்றுக்கு வர இருபது முறை பாதியாக வேண்டும். 44-ஐ இருபதால் பெருக்கினால் 880 மாதம். அவர் போனை எடுத்து வகுத்தார். 73 வருஷம். "இப்ப எனக்கு நாப்பத்தொண்ணு. நூத்திப் பதினாலு வயசுல மாத்திரையை நிறுத்திரலாம்" என்று சிரித்தார்.

இவ்வளவு மெதுவாகக் குறைவதற்குக் காரணத்தை 2014-ல் வந்த ஆய்வுகள் காட்டின. இங்கே விதை உவமை உடைகிறது. விதை மண்ணில் கிடந்தபடி குட்டி போடாது, நினைவு செல் போடும். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே ஒட்டியிருக்கும் வைரஸ் பத்தியும் கூடவே நகலாகிறது. வைரஸ் தானாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெள்ளிச் சீகையில் வெட்டிய மரத்தின் வேரிலிருந்து வரிசையாகக் கன்று கிளம்புமே, அப்படி. ஒரே இடத்தில் ஒட்டிய ஒரே வைரஸ், நூற்றுக்கணக்கான செல்களில். புதுத் தொற்று நடக்காததால் மாத்திரைக்குத் தடுக்க அங்கே எதுவுமில்லை.

ஒழிக்க நினைத்தவர்கள் முதலில் தீ வைத்துப் பார்த்தார்கள். விதையெல்லாம் முளைக்கட்டும், பிறகு பிடுங்கலாம் என்கிற யோசனை. 2012-ல் டேவிட் மார்கோலிஸ் குழு வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து உறங்கும் செல்களில் வைரஸ் ஆர்.என்.ஏ. எழுவதைக் காட்டியது. எழுந்தது வாஸ்தவம், ஆனால் எழுந்த செல்கள் சாகவில்லை. பிடுங்க ஆள் இல்லை. எதிர்த் திசையில் யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். எழுப்பவே வேண்டாம், நிரந்தரமாகத் தூங்க வைப்போம் என்கிறார்கள். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அரிதான சிலரை 2020-ல் ஆராய்ந்தபோது, அவர்களிடம் மிஞ்சிய முழு வைரஸ்கள் மரபுத்தொகுப்பின் பாறைப் பகுதிகளில், யாரும் வாசிக்காத இடங்களில், ஒட்டியிருந்தது தெரிந்தது. எனக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம். பெர்லினில் எலும்பு மஜ்ஜை மாற்றிக் குணமான திமோத்தி ரே பிரவுன் போன்றவர்களின் கதை உண்மைதான், ஆனால் அது ரத்தப் புற்றுநோய்க்காக உயிரைப் பணயம் வைத்துச் செய்த சிகிச்சை. ஜீப் ஓட்டுகிறவருக்கு ஆகாது.

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மேல்நாடுகளில் பரவும் பி வகை வைரஸில் நடந்தவை. நம் ஊரில் சி வகை. செல் விழிக்கும்போது அதன் உட்கருவுக்குள் வரும் ஒரு புரதம் வைரஸின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்துதான் வாசிப்பைத் தொடங்கிவைக்கும். பி வகையில் பொதுவாக அதற்கு இரண்டு இருக்கை, சி-யில் மூன்று, நான்கு உள்ளவையும் உண்டு. பெங்களூரு ஜவஹர்லால் நேரு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு இதைத்தான் ஆராய்ந்துவருகிறது. இருக்கை கூடினால் உறக்கமும் விழிப்பும் எப்படி மாறும் என்பது நமக்குச் சொந்தமான கேள்வி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ரிப்போர்ட்டை மறுபடி நாலாக மடித்தார். அது வெறும் காகிதம் இல்லையா என்று கேட்டார். இல்லை. அந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்றாது, சி.டி.4 செல்களும் குறையாது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ராத்திரி ஒன்பதுக்கு அவர் போன் அடித்தது. மாத்திரை நேரம். தண்ணீர் கேட்டார். திரையில் அந்த அலாரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர், 'மோட்டார் ஆஃப்'.