மொழி ஒப்பீட்டு அட்டவணையை நம்புமுன்

பைத்தானில் ஓடும் சர்வீஸை கோ மொழிக்கோ ரஸ்டுக்கோ மாற்றி எழுதலாமா என்ற பேச்சு பெங்களூரு அலுவலகங்களில் ஓய்வதே இல்லை. ஒயிட்ஃபீல்டானாலும் பெல்லந்தூரானாலும் மீட்டிங்கில் யாராவது ஓர் அட்டவணையைத் திரையில் போடுவார்: சி 1, பைத்தான் 75. அதோடு விவாதம் முடிந்துவிடும். மாதக்கணக்கான வேலையும், புதிதாக எடுக்கும் ஆளின் 90 நாள் நோட்டீஸ் பீரியட் முடியும்வரை காத்திருப்பதும் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் தீர்மானமாகின்றன. எண் எதை அளந்தது என்று கேட்பவர் குறைவு.

அதன் பூர்வீகம், போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 27 மொழிகளின் மின்சக்திச் செலவை அளந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை. சி மொழியின் செலவை 1 என்று வைத்தால் பைத்தானுடையது 75.88. அதே அட்டவணையில் இன்னும் இரண்டு வரிகளைப் பாருங்கள்: ஜாவாஸ்கிரிப்ட் 4.45, டைப்ஸ்கிரிப்ட் 21.50. டைப்ஸ்கிரிப்ட் ஓடுவதே ஜாவாஸ்கிரிப்டாக மாறித்தான். டைப் குறிப்புகள் கம்பைல் ஆகும்போதே உதிர்ந்துவிடும். அப்புறம் ஏன் ஐந்து மடங்கு? எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஃபான்குக் என்ற ஒன்றில் டைப்ஸ்கிரிப்ட் நிரல் படுமோசமாகப் பின்தங்கியது. சராசரி எடுத்தபோது அந்த ஒரு கணக்கின் பாரம் மொழியின் தலையிலேயே விழுந்தது. நிரல்களும் ஆய்வாளர்கள் எழுதியவை அல்ல. பெஞ்ச்மார்க்ஸ் கேம் என்ற பொதுத் தொகுப்புக்குத் தன்னார்வலர்கள் அனுப்பியவை. எனவே சராசரியை மட்டும் பார்க்காமல் கணக்குவாரியாகப் பாருங்கள். ஒற்றை எண்தான் வேண்டுமென்றால், மடங்குகளுக்குப் பெருக்கல் சராசரி (எல்லாவற்றையும் பெருக்கி மூலம் காண்பது) எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் ஃபிளெமிங்கும் வாலஸும் 1986லேயே எழுதிவிட்டார்கள்.

அந்தத் தொகுப்பிலேயே பை எண்ணின் இலக்கங்களைக் கணக்கிடும் போட்டி ஒன்று உண்டு. பல மொழிகளின் நிரல்கள் அதில், மிகப் பெரிய எண்களைக் கையாளும் ஜிஎம்பி என்ற சி லைப்ரரியைத்தான் அழைக்கின்றன. அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் ஜிஎம்பி. கனமான கணக்கை சி நிரலிடம் ஒப்படைக்கும் நம்பை லைப்ரரியில் எழுதிய பைத்தானுக்கும் இதே கேள்வி வரும். அது தவறில்லை, நிஜ வேலையில் எல்லோரும் லைப்ரரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் வெறும் லூப், மறுபக்கம் லைப்ரரி என்று வைப்பதுதான் ஏமாற்று.

வேகத்தை விட்டு, எந்த மொழியில் பிழை குறைவு என்று ஒப்பிடுவது இன்னும் வழுக்கலான இடம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 729 புராஜெக்ட்களை எடுத்து, 17 மொழிகளை ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. 2019இல் வேறொரு குழு அதே தரவைத் திரும்ப அலசியது. டைப்ஸ்கிரிப்ட் என்று எண்ணப்பட்ட கோப்புகளில் கணிசமானவை நிரலே அல்ல. க்யூடி என்ற கட்டமைப்பில் எழுதிய செயலிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகள். அவற்றுக்கும் கோப்புப் பெயரின் வால் டிஎஸ்தான். பிழைதிருத்தம் எது என்பதும் கமிட் குறிப்பில் (நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதுவது) சில சொற்களைத் தேடித்தான் முடிவானது. ஆட்களை வைத்துச் சரிபார்த்தபோது பல கமிட்கள் பிழைதிருத்தமே இல்லை. கடைசியில் நான்கு மொழிகளுக்கு மட்டுமே பிழையோடு புள்ளியியல்படி தொடர்பு தேறியது, அதுவும் மிகச் சிறிய அளவில். முதல் ஆய்வின் பட்டியல்தான் இன்னும் ஸ்லைடுகளில் சுற்றுகிறது.

எழுதியவர் யார் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆய்வாளர் லுட்ஸ் பிரெஷெல்ட் 2000இல் ஒரே கணக்குக்கு ஏழு மொழிகளில் எழுதப்பட்ட 80 நிரல்களை ஒப்பிட்டார். தொலைபேசி எண்ணை அகராதிச் சொற்களாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மொழிக்கு மொழி இருந்த இடைவெளியைவிட, ஒரே மொழியில் எழுதிய ஆளுக்கு ஆள் இருந்த இடைவெளி பொதுவாகப் பெரிதாக இருந்தது. ஸ்கிரிப்ட் மொழிக்காரர்கள் செலவான நேரத்தைத் தாங்களே சொன்னார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நம் ஊர் ஒப்பீடுகளில் இந்த நேர்மை அரிது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்: நமக்குப் பிடித்த மொழி தோற்றால் நிரலில் கோளாறு, மற்றது தோற்றால் மொழியே அப்படி. தோற்ற மொழியில் தேர்ந்த ஒருவரிடம் அந்த நிரலைக் கொடுத்து ஒரு நாள் திருத்தவிடுங்கள். அதன் பிறகும் தோற்றால் பேசலாம்.

சொந்தமாக அளப்பவர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் சில. ரஸ்டை அதன் பில்டு கருவியான கார்கோவில் ரிலீஸ் கொடி இல்லாமல் ஓட்டினால், வேகத்துக்காக மெருகேற்றாத டீபக் பில்டுதான் ஓடும். அதை ஓ2 என்ற மெருகேற்றும் கொடி போட்ட சி நிரலோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஜாவாவில், நிரல் ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜிட் கம்பைலர் சூடாகும்வரை வரும் ஓட்டங்களைத் தனியாக ஒதுக்குங்கள். ஆனால் நிஜத்தில் ஓரிரு விநாடி ஓடி முடியும் வேலை என்றால் அந்தச் சூடேறும் நேரமும் கணக்கில் சேர்ந்தாக வேண்டும். விடையை எங்கும் அச்சிடாவிட்டால் கம்பைலர் லூப்பையே தூக்கிவிடும், பூஜ்ய விநாடியில் முடிந்ததாகக் காட்டும். அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் டி2 வகை சர்வரில் ஓட்டினால் சிபியு கிரெடிட் (முழு வேகத்தில் ஓடக் கிடைக்கும் ஒதுக்கீடு) தீர்ந்ததும் வேகம் இறங்கும், இரண்டாவதாக ஓடிய மொழி அநியாயமாகத் தோற்கும். டி3யில் இயல்பாகவே அன்லிமிடெட் நிலை இருப்பதால் வேகம் இறங்காது, பில்தான் ஏறும். லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகி, டர்போவை (சிபியு தற்காலிகமாக வேகமெடுக்கும் வசதி) அணைத்து, இரு நிரல்களையும் மாற்றி மாற்றி முப்பது தடவையாவது ஓட்டுங்கள். ஆய்வாளர் மைட்கோவிச்சும் சகாக்களும் 2009இல் காட்டியது இன்னும் விசித்திரம்: என்விரான்மென்ட் வேரியபிள்களின் (நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் அமைப்பு மதிப்புகள்) மொத்த நீளம் மாறினாலே ஒரே நிரலின் வேகம் மாறுகிறது. நினைவகத்தில் ஸ்டாக் என்ற பகுதி தொடங்கும் முகவரி நகர்வதே காரணம்.

மாற்றி எழுதிய பிறகு பாராட்டு வாங்கும் எண்களில்தான் பாரபட்சம் அதிகம். பழைய பைத்தான் சர்வீஸ் 200 மில்லிசெகண்ட் எடுக்கிறது, அதில் 160 டேட்டாபேஸுக்காகக் காத்திருப்பு என்று வையுங்கள். மீதி 40ஐ அடியோடு ஒழித்தாலும் 160க்குக் கீழே போக முடியாது. கோ மொழியில் 60இல் முடிந்தது என்றால், குறைந்தது 100 மில்லிசெகண்டை மிச்சப்படுத்தியது மொழியே அல்ல. லூப்புக்குள் வரிசைக்கு ஒன்றாகப் போன குவெரிகள் ஒன்றாகியிருக்கும், கனெக்‌ஷன் பூல் (திறந்த இணைப்புகளையே திரும்பப் பயன்படுத்துவது) வந்திருக்கும், இடையில் ஒரு கேஷ் முளைத்திருக்கும். அவற்றை முதலில் பைத்தானிலேயே செய்து அளந்துவிட்டு, பிறகு இரண்டையும் ஒரே டேட்டாபேஸ், ஒரே லோடில் ஓட்டுங்கள். மீடியனோடு 99ஆம் சதமான நேரத்தையும் (நூற்றில் 99 கோரிக்கைகள் அதற்குள் முடிந்துவிடும்) எழுதுங்கள்.

அறிக்கையில் கம்பைலர் பதிப்பு, கொடிகள், சர்வர் வகை, ஒவ்வொரு ஓட்டத்தின் நேரம் எல்லாம் இருக்கட்டும். ஒரே நிரல் தடவைக்குத் தடவை 6 சதவீதம் ஆடுகிறது, இரு மொழிகளுக்கிடையே கிடைத்தது 4 சதவீதம் என்றால், முடிவுப் பகுதியில் ‘இந்தச் சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.