கதிரியக்க மூலங்களின் தேசியப் பதிவேடு: யார் எழுத வேண்டும், எப்போது எழுத வேண்டும்?

2010 ஏப்ரலில் மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் வேலை செய்த சிலருக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1960களின் இறுதியில் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985 முதல் பயன்படாமல் கிடந்து, 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போயிருந்தது. வாங்கியவர்கள் அதை உடைத்தபோது ஈயக் கவசத்துக்குள் இருந்த கோபால்ட்-60 குச்சிகள் வெளியே வந்துவிட்டன. ஒரு தொழிலாளி இறந்துபோனார். பலர் கதிர்வீச்சுக் காயங்களோடு மருத்துவமனையில் கிடந்தார்கள்.

நாட்டில் உள்ள ஒவ்வொரு கதிரியக்க மூலமும், அதாவது அந்தக் குச்சிகளைப் போலக் கதிர்வீச்சை வெளியிடும் ஒவ்வொரு பொருளும், எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒரே இடத்தில் எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் தேசியப் பதிவேடு என்று பெயர். இப்படி ஒன்றை ஒவ்வொரு நாடும் வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமை 2003இல் ஏற்ற நடத்தை நெறி சொல்கிறது. ஆபத்தின் அடிப்படையில் மூலங்கள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகை மூலத்தின் அருகே கவசம் இல்லாமல் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம் வரை இருந்தாலே உயிர் போகலாம். குறைந்தபட்சம் முதல் இரண்டு வகைகளாவது பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது நெறி.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு, 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துடையது. தலைமையகம் மும்பையில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாரியத்தின் அனுமதி இல்லாமல் எவரும் மூலத்தை வாங்கவோ வைத்திருக்கவோ கைமாற்றவோ முடியாது. இந்த அனுமதி ஆபத்துக்கு ஏற்ப உரிமம், அங்கீகாரம், பதிவு என மாறும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட் கருவி, வெங்காயத்துக்கும் மசாலாப் பொருளுக்கும் கதிரூட்டும் ஆலை, குழாய்ப் பற்றவைப்பைக் கதிரால் படம்பிடித்துச் சோதிக்கும் ஐரிடியம்-192 கேமரா, சிமென்ட் ஆலையிலும் காகித ஆலையிலும் தடிமனோ மட்டமோ அளக்கும் கருவி எல்லாம் இதில் அடங்கும். எக்ஸ்ரே கருவிக்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும். ஆனால் அதை இயக்கவும் வாரியத்தின் அனுமதி வேண்டும். ஸ்கேன் மையத்தில் அந்த அனுமதியைக் கேட்டுப் பார்க்க நோயாளிக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

இந்த வேலைகள் இப்போது வாரியத்தின் ‘இ-லோரா’ என்ற இணையச் சேவை வழியாக நடக்கின்றன. நிறுவனம் முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு தகுதி பெற்ற ஒருவரைக் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலராக நியமித்து வாரியத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பிறகே மூலத்தை வாங்க விண்ணப்பிக்கலாம். அனுமதி எண் இல்லாமல் விற்பவர் சரக்கை அனுப்பக் கூடாது. மூலம் வந்து சேர்ந்ததும் அதையும் தெரிவிக்க வேண்டும். ஊர் ஊராகப் போகும் ஐரிடியம் கேமராவை ஒரு பணியிடத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வதற்கும் அனுமதி உண்டு. மூலம் தொலைந்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

பதிவேட்டின் ஒரு வரியில் மூலத்தின் பெயர், வரிசை எண், கதிரியக்க அளவு, அந்த அளவு கணக்கிடப்பட்ட தேதி எல்லாம் இருக்கும். இந்தத் தேதியை அலட்சியம் செய்யக் கூடாது. மூலம் நாளுக்கு நாள் தேய்கிறது. தேதி இல்லாமல் இன்றைய வலிமையைக் கணக்கிட முடியாது. ஐரிடியம்-192 சுமார் 74 நாளில் பாதியாகும். சீசியம்-137க்கு ஏறக்குறைய 30 ஆண்டு. கோபால்ட்-60க்கு 5.27 ஆண்டு. அப்படியென்றால் நாற்பது ஆண்டு கடந்த கோபால்ட் மூலத்தில் தொடக்க வலிமையில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான் எஞ்சும். மாயாபுரியில் உயிரைக் குடித்தது அந்த எச்சம்தான். ‘ரொம்பப் பழசு, இனி ஒன்றும் இருக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பவே கூடாது.

என்னைக் கேட்டால், பதிவேடு தோற்பது மூலத்தை வாங்கும்போது அல்ல, அதன் பயன்பாடு நிற்கும்போதுதான். வாங்கும்போது விற்பவர், வாரியம் என்று பல கண்கள் பார்க்கின்றன. ஆராய்ச்சி முடிந்து, பேராசிரியர் ஓய்வுபெற்று, அறைக்குப் பூட்டு விழுந்த பிறகு பார்ப்பதற்கு யாரும் இருப்பதில்லை. கல்லூரியின் இருப்புப் பதிவேட்டில் அது நாற்காலி, பீரோவோடு ஒரு வரி. கழிவுப் பொருள் ஏலக் குழுவுக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதுவும் மாயாபுரிக் கருவி வாரியமே பிறப்பதற்கு முன் வாங்கப்பட்டது. எனவே எந்த ஆய்வகமும் ஏலப் பட்டியலில் கையெழுத்திடும் முன் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல் வாங்குவதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஆகும் தாமதம் பெரிய விஷயமே அல்ல.

பயன்பாடு முடிந்த மூலத்தை வாரியத்தின் அனுமதியோடு விற்றவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அது முடியாதபோது அங்கீகரிக்கப்பட்ட கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மூலம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் நிறுவனத்தின் பெயரிலிருந்து அந்த வரி நீங்கும். வாங்கும்போதே திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதியை விற்பவரிடம் எழுத்தில் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். விற்ற நிறுவனம் இருபது ஆண்டு கழித்து இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட விசிறி போன்ற குறியோ, கதிர் அலைகளும் மண்டையோடும் ஓடும் மனிதனும் வரைந்த சிவப்பு முக்கோணமோ இருந்தால் அந்தப் பொருளை வெட்டவோ உருக்கவோ கூடாது. அளவுக்கு மீறிக் கனக்கும் மூடிய ஈயப் பெட்டியில் குறி அழிந்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். உடைந்த துண்டைக் கையால் எடுக்காமல், ஆட்களை விலக்கி, 112ஐ அழைத்துக் ‘கதிரியக்கப் பொருள் என்று சந்தேகம்’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பூட்டிய அறையில் கணக்கில் வராத பழைய மூலம் இருப்பது இன்று தெரியவந்தால், அந்தக் கல்லூரியோ மருத்துவமனையோ அதை நகர்த்தாமல், அறையை அப்படியே பூட்டி வாரியத்துக்கு எழுத வேண்டும். தென்மாநிலங்களுக்கான அதன் மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. வாங்கிய ரசீது, கருவியின் பெயர்ப்பலகைப் படம், வரிசை எண் ஆகியவற்றில் கிடைத்ததை இணைத்தால் போதும். எல்லா ஆவணங்களும் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.