பனை வரிசை காட்டும் தண்ணீர்

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் பாலைவனத்து மலையடி ஊர். மேற்கே சான் ஜசிந்தோ மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. ஊர் இருப்பது சுமார் 150 மீட்டர் உயரத்தில். சிகரமோ 3,302 மீட்டர். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போதே குளிர்ந்து மழையையும் பனியையும் கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடேறி வறண்டுவிடும். ஊருக்கு மிஞ்சுவது ஆண்டுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் மழை.

சரி, அப்படியானால் கவீயா பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இங்கே எப்படி வாழ்ந்தார்கள்? மழையை மறித்த அதே மலைதான் தண்ணீரும் கொடுத்தது. உச்சிப் பனி உருகி ஓடைகளாக இறங்கி, அடிவார மணலுக்குள் போய்விடுகிறது. அது எங்கே மேலே வருகிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் வாழ்வு.

அதைக் காட்டிக்கொடுப்பது பனை. ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் வடக்கே, இண்டியோ குன்றுகளில், வெறும் கல்லும் மணலுமான இடத்தில் பனைகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைக்குக் கீழே ஓடுவது சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு. அங்கே பாறைகள் ஒன்றோடொன்று உரசி உரசி மாவாக அரைபட்டுக் களிமண் போல ஆகிவிட்டன. நிலத்தடியில் நகர்ந்து வரும் நீர் அந்தக் களிமண்ணைத் தாண்ட முடியாமல், கரையில் முட்டிய ஏரித் தண்ணீர் போல மேலே ஏறுகிறது. பூகம்பம் பிறக்கும் கோட்டில்தான் ஊற்றும் பிறக்கிறது! எனக்கு இதில் இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இந்த மரத்துக்கும் நம் பனையைப் போல விசிறி ஓலைதான். காய்ந்த மட்டைகள் உதிராமல் பாவாடை போல அடிமரத்தைச் சுற்றித் தொங்கும். கவீயா மக்கள் முன்பெல்லாம் அவ்வப்போது அதற்குத் தீ வைப்பார்கள்; பூச்சி ஒழியும், காய்ப்பும் கூடும். மரம் சாகாது. மற்ற மரங்களுக்கு நீர் ஏறும் குழாய்கள் பட்டையை ஒட்டியே இருக்கும். பனைக்கு அவை தண்டு முழுக்கப் பரவியிருக்கின்றன. வெளியே கருகினாலும் உள்ளே நீர் ஏறிக்கொண்டே இருக்கும். சிறிய கரும்பழத்தைத் தின்றார்கள், கொட்டையை மாவாக்கினார்கள், ஓலையால் கூரை வேய்ந்தார்கள்.

ஊற்று இல்லாத இடத்தில் கிணறு வெட்டினார்கள். கயிறும் வாளியும் இல்லை. மணலில் சரிவாகப் படிகள் இறங்கும், அடியில் போய்ப் பானையில் மொண்டு வரவேண்டும். 1853-ல் ரயில் பாதைக்கு நிலம் பார்க்க வந்த புவியியலாளர் வில்லியம் பிளேக் அந்தக் கிணறுகளைக் கண்டு எழுதிவைத்தார். பக்கத்து ஊருக்கு இன்றும் இண்டியன் வெல்ஸ், அதாவது பழங்குடியினர் கிணறுகள், என்றே பெயர்.

அப்புறம் ரயில் வந்தது. நிலத்தைச் சதுரங்கக் கட்டமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். 1870-களில் மற்ற கட்டங்கள் பழங்குடிக்கு ஒதுக்கப்பட்டன. நகரின் நடுவிலுள்ள வெந்நீர் ஊற்றும், பனைகள் அடர்ந்த பாம் கேன்யனும் இன்றும் அவர்களுடையவை.