ஏரிக்கரையில் நாடி ஏன் தணிகிறது?

"தம்பி, இங்க லைனே கிடைக்கல" என்றார் அண்ணன், கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரின் கொம்தார் பஸ் நிலையத்தில் 101ஆம் எண் பஸ் ஏறி தெலுக் பகாங்கில் இறங்கி, பினாங்கு தேசியப் பூங்காவின் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து, பந்தாய் கெராச்சுட் ஏரிக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தோம்.

மழைக்கேற்ப நிறைவதும் வற்றுவதுமாக இருக்கும் ஏரி இது. நிறைந்திருக்கும்போது மேலே ஓடைத் தண்ணீர், அடியில் கடல்நீர். இரண்டும் கலப்பதில்லை. இத்தனைக்கும் அடித்தண்ணீர்தான் வெதுவெதுப்பானது. சூடான நீர் மேலே வந்திருக்க வேண்டாமா? வராது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அந்தக் கனம் அதை அடியிலேயே வைத்திருக்கிறது.

சரி, நாங்கள் வந்தது உட்காருவதற்கு. மரத்தடியில் அமர்ந்ததும் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். நிமிடத்துக்கு 96. அரை மணி கழித்து 70.

நடந்த களைப்பு தீர்ந்ததும் இதயம் தானாக மெதுவாகிவிடும் என்று தோன்றும். உண்மையில் அதை ஒரு நரம்பு இழுத்துப் பிடிக்கிறது. இதயத்துக்குள்ளேயே தாளம் போடும் சிறு திசு ஒன்று உண்டு. மூளையின் தொடர்பை அறவே துண்டித்தாலும் அது துடிக்கும், இளம் வயதில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை. சும்மா இருக்கும்போது 70 ஆக இருப்பதற்குக் காரணம், மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பதுதான். ஓய்வு என்றால் உடல் வேலையை விட்டுவிடுவது என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்பதை 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் கண்டுபிடித்தார். ஒன்றில் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது அப்போதுதான் உறுதியானது. அந்தப் பொருள் அசிடைல்கோலின். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து லோவி நோபல் பரிசு பெற்றார்.

இந்தப் பிரேக்கை உங்கள் விரலாலேயே உணரலாம். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரலை மெல்ல வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வேகஸ் தளர்கிறது, நாடி கொஞ்சம் முந்துகிறது. மெதுவாக விடும்போது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி நீள்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் விட்டால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். தண்ணீரைப் பார்த்தபடி இருந்த அண்ணனுக்கு, யாரும் சொல்லாமலே மூச்சு நீண்டிருந்தது.

ஆனால் நாடி தணிந்தவுடனே மனசு தணிந்துவிடாது. வேகஸ் ஒரு நொடிக்குள் வேலை செய்யும். பதற்றத்தில் சுரந்த கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அப்படியில்லை. இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பரபரப்பு அதுவரை கூடவேதான் உட்கார்ந்திருக்கும். வந்து பத்து நிமிடத்தில் "போரடிக்குது" என்று எழுந்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு அதனால்தான் வருத்தமாக இருக்கும்.

அண்ணனும் முதலில் இரண்டு முறை எழுந்து நின்றார். அப்புறம் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, "திரும்பக் கூட்டிப் போற படகுக்காரரை நாலு மணிக்கு வரச் சொன்னா போதும்டா" என்றார்.