எல்லோரும் சேரலாம் என்று எழுதினால் போதுமா? வன்னி இளைஞர் கழகங்களும் சமத்துவ உரிமையும்

இலங்கையின் வடக்கே, வன்னியில் எந்தக் கிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒரு பொதுநோக்கு மண்டபம் கண்ணில் படும். பல இடங்களில் அதன் சுவரில், மழைக்குப் பாதி கரைந்த எழுத்தில், ஓர் இளைஞர் கழகத்தின் பெயரும் இருக்கும். கழக யாப்பை, அதாவது அதன் விதிகளை, கேட்டால், பிரிவில் வாழும் எல்லா இளைஞர்களும் சேரலாம் என்றுதான் எழுதியிருப்பார்கள். வரவுப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரே தெருவும் ஒரே பாடசாலை வகுப்புமாக இருக்கும். பின்னேரத்தில் ஒரே மைதானத்தில் பந்து எறிகிற பையன்களின் பெயர்கள். யாரையும் வர வேண்டாம் என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வராதவர்களை எண்ணினால் ஒரு ஒழுங்கு தெரியும். பெண் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் இருப்பவர், குளத்துக்கு அப்பால் உள்ள முஸ்லிம் குடியேற்றத்துப் பிள்ளைகள், மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

பல ஆண்டுகள் ஒரு கழகத்தின் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் பதிவேடும் அப்படித்தான் இருந்தது. அதைத் தற்செயல் என்று நம்பினோம். அது தற்செயல் அல்ல என்பதையும், அதைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் என்னென்ன இடமிருக்கிறது என்பதையும் சொல்வதற்கே இந்த விளக்கம்.

இளைஞர் கழகம் நண்பர்கள் சேர்ந்து வைத்த சங்கம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பதிவு செய்த கழகம் ஓர் அரச கட்டமைப்பின் அடிப்படி. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றம்தான் இந்தக் கழகங்களைப் பதிவு செய்கிறது. தலைமையகம் மகரகமவில். கிராம அலுவலர் பிரிவில் கழகம், அதற்கு மேல் பிரதேச சம்மேளனம், பிறகு மாவட்டம், பிறகு தேசிய மட்டம். பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தர்தான் நமக்கும் மன்றத்துக்கும் இடையில் நிற்பவர். தலைமைத்துவப் பயிற்சி, தொழிற்பயிற்சி, இளைஞர் விளையாட்டு விழா, கலை இலக்கியப் போட்டிகள் எல்லாம் இந்தப் படிகளின் வழியாகவே கீழே வருகின்றன. ஆகவே கழகப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்குக் கிரிக்கெட் ஆட்டம் மட்டும் தவறவில்லை. அரசின் பணத்தில் நடக்கும் வாய்ப்புகள் இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

2014இன் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரையானவர்களை இளைஞர் என்கிறது. போர் முடிந்த 2009 மே மாதத்தில் பத்து வயதாக இருந்தவர் இன்னும் இந்த எல்லைக்குள் இருக்கிறார். வன்னியில் இளைஞர் வேலை செய்கிறவர் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

உறுப்புரை 12 என்ன சொல்கிறது

அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லா ஆட்களும் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்புக்கு உரித்துடையவர்கள் என்கிறது. 12(2) இன்னும் வெளிப்படையானது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகிய எந்தக் காரணத்தாலும் பிரசை எவருக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது. பட்டியலின் கடைசிச் சொல்லை அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறோம். வன்னியில் மிக அதிகம் உதைபடுவது அந்தப் 'பிறந்த இடம்'தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்களில் பல புத்தளத்தில் இரண்டு தசாப்தங்கள் இருந்துவிட்டு 2009க்குப் பிறகு முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் திரும்பின. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் புத்தளம் என்றிருக்கும். "இவர் எங்கட ஊர் இல்லையே" என்ற ஒரு வரியில் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை ஒதுக்கிவிட முடிகிறது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். இருந்தும் அவர்களைக் குறிக்க ஊரில் ஒரு வசைச்சொல் புழங்குகிறது. எல்லோருக்கும் தெரியும், நான் எழுதப் போவதில்லை. அந்தச் சொல்லைக் கழகத் தலைவரே சிரித்துக்கொண்டு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். சிரிப்பு வந்தவர்களில் நானும் ஒருவன்.

அரசியல் கருத்து என்ற காரணமும் சும்மா இல்லை. பயிற்சிக்கு ஆள் அனுப்பும் பட்டியல் ஒரு கட்சிக்காரரின் வீட்டில் தயாரானால், அது இங்கே வந்து விழுகிறது. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளியின் குடும்பம் என்று ஒருவரை ஓரங்கட்டினால், 12(2) பொருந்துமா என்று வாதிடலாம். 12(1)இன் பொதுவான சமத்துவம் பொருந்தும்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்த உரிமைகளை மீறியதாக உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், மீறல் ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலாக இருக்க வேண்டும். மன்றமோ, பிரதேச செயலகமோ, உத்தியோகத்தரோ எடுத்த முடிவு அதற்குள் வரும். கழகத்துப் பையன்கள் தங்களுக்குள் முடிவெடுத்து ஒருவரைச் சேர்க்காமல் விட்டால் நேரடியாக வராது. அப்படியானால் உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். பதிவைப் புதுப்பிப்பதும் சம்மேளனத்தில் இடம் கொடுப்பதும் மன்றத்தின் கையில் இருப்பதால், அந்த முறையீட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உத்தியோகத்தருக்கு வந்துவிடுகிறது. பதில் சொல்லாமல் விடுவதும் ஒரு நிருவாகச் செயலே என்று வாதிட இடமுண்டு.

சாதி விடயத்தில் இந்தத் தடை இல்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் தனியாட்களுக்கும் பொருந்தும். சாதியைக் காரணம் காட்டி ஒருவரைப் பாடசாலையிலோ உணவகத்திலோ வழிபாட்டுத் தலத்திலோ தடுப்பது அச்சட்டத்தில் குற்றம். போர் எல்லாவற்றையும் கரைத்துவிட்டது என்று வன்னியில் பெருமையாகச் சொல்வார்கள். கோயில் திருவிழாவில் கழகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் வேலை கிடைத்த அன்று, யார் குடத்தைத் தொடுவது என்று எழுந்த பேச்சைக் கேட்ட எனக்கு அந்தப் பெருமை இல்லை.

மொழி: இரண்டு பக்கமும் வெட்டும்

ஒருமுறை எங்களுக்கு ஒரு வதிவிடப் பயிற்சிக்கான அழைப்பு வந்தது. கடிதம் முழுவதும் சிங்களம். எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. நான்கு நாள் கழித்து, பாண் கொண்டுவரும் ஐயாவை மறித்து வாசிக்கச் சொன்னோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்துவிட்டு, "தம்பி, இது நேற்றோட முடிஞ்சுது" என்றார்.

சட்டம் என்ன? 18ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். மற்ற மாகாணங்களில் உள்ள அலுவலகம் ஒன்றோடும் தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறும் உரிமை நமக்கு உண்டு. மகரகமவுக்கும் அது பொருந்தும்.

இதே உறுப்புரை மறுபக்கமும் பேசுகிறது. தமிழ் நிருவாக மொழியாக உள்ள இடத்தில் வாழும் சிங்களவர், அங்குள்ள அரச அலுவலகத்தில் சிங்களத்தில் சேவை பெறலாம். வவுனியா தெற்குப் பிள்ளையும் வெலிஓயாப் பிள்ளையும் மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது, நிகழ்ச்சி நிரல் தமிழில் மட்டும் இருந்தால் அவர்கள் நிலை அன்று நாங்கள் பாண்கார ஐயாவிடம் நின்ற நிலைதான். வெலிஓயா என்ற பெயரே நமக்கு நோகும். சிங்களக் குடியேற்றத்தால் மணலாறு எப்படி வெலிஓயாவானது என்பது தமிழர் மறந்த கதை அல்ல. நில உரிமைப் போராட்டத்தை நடத்துங்கள். அந்தக் கணக்கை அங்கே பிறந்த பதினேழு வயதுப் பிள்ளையின் நிகழ்ச்சி நிரலில் தீர்க்காதீர்கள். மொழி உரிமை மறுக்கப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எவரும் முறையிடலாம்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் போய்வரும் கட்டடத்துக்குள் நுழைவதில் அவர்களுக்குத் தடை இருக்கக் கூடாது என்கிறது. அதன் கீழ் 2006இல் அணுகும் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகளும் வந்தன. பொதுநோக்கு மண்டபத்துக்கு முன்னால் மூன்று படி, பக்கத்தில் சாய்தளம் இல்லை என்றால், கழகம் அந்த மண்டபத்தில் கூடும் ஒவ்வொரு முறையும் ஒருவரை வெளியே நிறுத்துகிறது. சீமெந்து வந்து சேரும்வரை கூட்டத்தை மரத்தடியில் வைக்கலாம். எங்கள் பக்கம் மருத மரத்துக்கும் பாலை மரத்துக்கும் பஞ்சமில்லை.

நல்லுறவு என்று ஒன்று தனியாக இருக்கிறதா?

சமத்துவமும் சமூக நல்லுறவும் ஒன்றல்ல. வட அயர்லாந்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் 75ஆம் பிரிவு இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. மதம், அரசியல் கருத்து, இனம், வயது, பால், மாற்றுத்திறன் முதலான ஒன்பது வகைகளில் சமவாய்ப்பு. அவற்றில் மதம், அரசியல் கருத்து, இனம் ஆகிய மூன்றில் மட்டும் கூடுதலாக நல்லுறவு. இரண்டும் அங்கே பொது நிறுவனங்களின் மேல் விழும் சட்டக் கடமை. இளைஞர் வேலைக்கு அரசுப் பணம் கொடுப்பவர்களும் அதற்குள் வருகிறார்கள்.

நம்மிடமும் எழுத்தில் உண்டு. 27(5)ஆம் உறுப்புரை, இன, மத, மொழிக் குழுக்களிடையே ஒத்துழைப்பையும் பரஸ்பர நம்பிக்கையையும் அரசு வளர்க்க வேண்டும், பாரபட்சத்தையும் தப்பெண்ணத்தையும் நீக்கக் கல்வித் துறையில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அழகான வரி. இரண்டு உறுப்புரை தள்ளி 29ஆம் உறுப்புரையைப் பாருங்கள்: இந்தக் கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது. ஆக, சமத்துவத்துக்காக வழக்குப் போடலாம். நல்லுறவுக்காகப் போட முடியாது.

நடப்பில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். 2024ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒற்றுமை, நல்லிணக்கத்துக்கான அலுவலகம் சட்ட உருப் பெற்றிருக்கிறது. அதற்கு முன்பே நல்லிணக்க முகாம்கள் வந்துவிட்டன. மூன்று சமூகத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி, ஒரு நாட்டியம், ஒரு கவிதை, மதியம் சோற்றுப் பார்சல், கடைசியில் கைகோத்துப் படம். பஸ்ஸில் யாரை ஏற்றுவது என்ற பட்டியலிலேயே பாரபட்சம் இருந்தால், அந்தப் படம் யாருக்கு? முதலில் பட்டியலைச் சரிசெய்யுங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் வைத்தால் ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவர் வரமாட்டார். இரவு எட்டு மணிக்கு வைத்தால் பெண் பிள்ளை வரமாட்டாள். அவளை வீட்டில் விடவில்லை என்று தாய் தகப்பனைக் குறை சொல்வது செயற்குழுவுக்கு வசதியான சாட்டு.

உறவு என்பது தமிழர், சிங்களவர் கதை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு மன்னார் நினைவிருக்க வேண்டும். 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முந்திய நாள், திருக்கேதீஸ்வர வீதியில் வைத்த அலங்கார வளைவுக்காகச் சண்டையிட்ட இந்துக்கள், கத்தோலிக்கர் என்ற இரு பக்கமும் தமிழ் பேசியவர்களே. அன்று கொடியைப் பிடுங்கிய கைகளில் இளைஞர் கைகளும் இருந்தன.

எங்களுக்குப் பயன்பட்டது ஒரு சின்ன மாற்றம். ஊருக்கு எதிர் ஊர் என்று நடத்திய கரப்பந்தாட்டத்தை நிறுத்திவிட்டு, சீட்டுக் குலுக்கி அணி பிரித்தோம். முதல் நாள் யாருக்கும் பிடிக்கவில்லை. வெற்றிக் கிண்ணத்தை எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் அது மைதானத்திலேயே கிடந்தது. மூன்றாம் வாரம் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கலப்பு அணிகள் கலப்பாகவே சண்டை போட்டன. அதை முன்னேற்றம் என்றே பதிவேட்டில் எழுதினேன்.

முறையிடுவது எப்படி

முதலில் தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேசத்தில் எந்தெந்தக் கழகங்கள் பதிவாகியுள்ளன, கடந்த பயிற்சிக்கு எந்த அடிப்படையில் ஆள் தெரிவுசெய்தார்கள், எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். பாதி முறைப்பாடுகள் இந்தக் கடிதத்தோடேயே தீர்ந்துவிடும். பட்டியல் தயாரித்தவருக்கு யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

தீராவிட்டால், உயர் நீதிமன்றத்துக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். வன்னியில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொழும்பும் சட்டத்தரணியும் ஒரு மாதத்துக்குள் கிடைப்பது கடினம். அதனால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டுவிடுங்கள். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டை ஏற்றதற்கான பற்றுச்சான்றை வாங்கி, விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று தொடர்ந்து கேட்டு, பதில்களைச் சேர்த்து வையுங்கள். சும்மா கொடுத்துவிட்டு இருந்தால் பிறகு அந்தச் சலுகையைக் கோருவது கடினமாகும்.

ஒரு மாதம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் பலர் விழுகிறார்கள். மேலே சொன்ன சிங்களக் கடிதத்தைப் பற்றி நாங்களும் முறையிடப் போனோம். கடிதம் எங்களிடம் எப்போது வந்தது என்று கேட்டார்கள். எங்களிடம் கடிதம் இருந்தது. தபால் முத்திரை விழுந்த உறையைப் பாண் வாங்கிய அன்றே எறிந்திருந்தோம். இப்போது எங்கள் கழகக் கோப்பில் கடிதத்தோடு உறையையும் குத்தி வைக்கிறோம்.