தெர்மோஸ்டாட்டை ஏமாற்றும் கம்பி

"ஏசியை 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குளிராது. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் ஒன்று முழுதாக ஓடும், இல்லையென்றால் நிற்கும். எப்போது நிற்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இன்வெர்ட்டர் ஏசி வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஆனால் அறை நன்றாகச் சூடாக இருந்தால் 24-இல் வைத்தாலும் அது முழு மூச்சாகவே ஓடும்.

ஓட்டுவதும் நிறுத்துவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இல் அறைக்கான மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின் வந்த ஒன்று: 1953-இல் ஹனிவெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்டமான தெர்மோஸ்டாட். உள்ளே இருப்பது நாம் பள்ளியில் படித்த ஈருலோகப் பட்டைதான் (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது, சூடு மாறினால் வளையும்), சுருளாக. சுருளின் மேல் பாதரசம் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. அறை குளிர்ந்தால் சுருள் திரும்பும், குப்பி சாயும், பாதரசம் ஓடிப்போய் இரண்டு கம்பிகளை இணைக்கும். கீழே, வீட்டைச் சூடாக்கும் வெப்ப உலை பற்றிக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அறை 20 டிகிரியைத் தொட்டதும் உலை அணைந்தாலும், உலையின் இரும்பில் தங்கிய சூடு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். அறை 20-ஐத் தாண்டிப் புழுங்கும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அபாரமானது. சுருளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மின்தடைக் கம்பி. உலையை இயக்கும் மின்சாரம் அதன் வழியாகவும் போகும். அதனால் உலை எரியும்வரை கம்பியும் லேசாகச் சூடாகும். சுருளோ அறைதான் சூடாகிவிட்டது என்று நம்பி, உலையை முன்கூட்டியே அணைத்துவிடும். மிச்சச் சூடு அறையை 20-க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். குளிரூட்டும்போது இது அப்படியே தலைகீழ்: ஏசி நிற்கும்போது கம்பி சூடாகும், ஏசி கொஞ்சம் முன்னதாகவே ஓடத் தொடங்கும். கணிப்பொறி இல்லை, சிப் இல்லை, ஒரு கம்பி மட்டும்!

நம் பாடநூல்களில் ஈருலோகப் பட்டை ஓர் அத்தியாயத்தில், மின்தடை வேறோர் அத்தியாயத்தில். இரண்டையும் சேர்த்து இப்படி ஒரு கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் இயற்பியல் மனதில் ஒட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று சுருளின் இடத்தில் தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சிறு உறுப்பு) இருக்கிறது, முன்கூட்டிக் கணிக்கும் வேலையை மென்பொருள் பார்க்கிறது. ஆனாலும் பக்கத்துச் சூட்டை அறையின் சூடு என்று நினைப்பது மாறவில்லை. அலுவலகத்தில் ஏசி ஓயாமல் ஓடி எல்லோரும் நடுங்கினால், சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே பிரிண்டரோ டீ கெட்டிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.